அடிக்கும் தடியும் மடக்கும் தடியும்

திண்டுக்கல் நாகல் நகரில் வசிப்பவராயினும், வேற்றூர்க்காரராயினும், திருவிழாவில் சிலம்பம் சுற்றுவதை நீங்கள் ஒரு முறையேனும் பார்த்திருப்பீர்கள். நெற்றி உயரமுள்ள மூங்கில் கம்பு கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் சுழல்கிறது. ஆனால் யார் மீதும் அடி விழுவதில்லை. தடி ஆளை அடித்து வீழ்த்தவும் உதவும். அடிக்காமல் மடக்கி நிறுத்தவும் உதவும். இவ்விரண்டில் எது நடக்கும் என்பதை எது தீர்மானிக்கிறது? தடியின் அமைப்பா, அதைப் பிடித்திருக்கும் கையா?

முதலில் அடியின் இயல்பைக் காண்போம். கம்பைச் சுழற்றும்போது, கைப்பிடியிலிருந்து ஓர் அடி தூரத்திலுள்ள புள்ளியைவிட இரண்டடி தூரத்திலுள்ள புள்ளி இரு மடங்கு வேகமாகச் செல்கிறது. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அந்த ஆற்றல் முழுவதும் கம்பின் நுனியில், மிகச் சிறிய பரப்பில் இறங்குகிறது. தசை நிறைந்த தொடையில் பட்டால் கன்றிப்போகும். மண்டையோட்டில் பட்டால் உயிரே போகலாம்.

இதற்குத் தமிழகம் கொடுத்த விலை பெரிது. 1829இல் லண்டன் நகரில் அமைக்கப்பட்ட காவல் படைக்குக் குட்டையான மரத்தடி வழங்கப்பட்டது. இந்தியாவிலோ ஆங்கிலேயர் ஆட்சியில் காவலரின் கையில் நீண்ட மூங்கில் தடி இருந்தது. 1932 ஜனவரி 10ஆம் நாள், திருப்பூரில் கொடியேந்தி ஊர்வலம் சென்ற குமரனின் தலையில் தடியடி விழுந்தது. மறுநாள் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 27.

இனி, மடக்கும் முறையைக் காண்போம். திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வரும். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் தற்காப்புக் கலைகளிலும் 'பூட்டு' உண்டு. எதிராளியின் மூட்டை அசையவிடாமல் பிடிப்பது பூட்டு. அதிலிருந்து விடுபடுவது பிரிவு. இங்கே தடி நெம்புகோலாகிறது. மணிக்கட்டையோ முழங்கையையோ தடியால் வளைத்துப் பிடித்தால், சிறு விசையே பெரிய திருப்புவிசையாக மாறும். ஆனால் இதற்கு எதிராளியை நெருங்க வேண்டும். நம் இரு கைகளும் சிக்கிக்கொள்ளும். அவன் கையில் கத்தி இருந்தால் பூட்டுப் போடுவது பேராபத்து. அடிப்பதைவிட மடக்குவதற்கு நெடுங்காலப் பயிற்சி தேவை.

ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் 'டொன்பா' என்னும் பக்கப்பிடி வைத்த தடி உண்டு. அதைத் தழுவி 1970களில் அமெரிக்கக் காவலருக்கு ஒரு தடி உருவாக்கப்பட்டது. அடியைத் தடுக்கவும், கையை மடக்கவும் ஏற்றது அது. ஆயினும் 1991 மார்ச் 3ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ராட்னி கிங் என்பவரைக் காவலர்கள் 50க்கும் மேற்பட்ட முறை அடித்தது அத்தகைய தடியால்தான்! மடக்குவதற்கென்று அமைந்த பிடி அடியைத் தடுக்கவில்லை. பின்னர், வானொலிப் பெட்டியின் ஏரியலைப் போல இழுத்து நீட்டும் எஃகுத் தடி பல நாடுகளில் பரவியது. மடக்கினால் ஒரு சாண். நீட்டினால் ஏறத்தாழ 53 செ.மீ. இடுப்பில் செருக வசதியானது. ஆனால் எஃகு எஃகுதான். ஆகவே தலை, கழுத்து, முதுகெலும்பு ஆகியவற்றைத் தவிர்த்துத் தொடை, கை போன்ற இடங்களையே குறிவைக்கக் காவலருக்குக் கற்பிக்கப்படுகிறது.

இப்போது சிலம்பக் களத்துக்குத் திரும்புவோம். அங்கே எதிராளியின் உடலைக் கம்பு நுனியால் தொட்டால் புள்ளி. அவர் கம்பைத் தட்டிவிட்டாலும் வெற்றி. ஓங்கிய கம்பைத் தோலுக்கு அருகில் நிறுத்தத் தெரிந்தவரே அங்கு தேர்ந்தவர். 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

சட்டம் கேட்பதும் இந்த அடக்கத்தைத்தான். தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்று 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே கூறுகிறது. எனவே கம்பு பழக விரும்பும் மாணவர்களே, நல்ல ஆசானிடம் செல்லுங்கள். அவர் முதலில் காலடி வைப்பையும், விலகி நிற்கும் தூரத்தையும் கற்பிப்பார். பொறுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். விலகிச் செல்ல வழி இருக்கும்போது தடியை ஓங்க வேண்டிய தேவையே இராது.