ஒளிமலையில் ஒரு காவல்

கொடைக்கானலில் ‘கோஹினூர்’ என்னும் பங்களாவின் பெயரைக் கேட்டதும் நம்மவருள் பலர் வைரத்தையே நினைப்பர். பாரசீகத்தில் அச்சொல்லுக்கு ‘ஒளிமலை’ என்று பொருள். மலைமேல் நிற்கும் வீட்டுக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் அவ்வீட்டின் கதை அத்துணை ஒளி மிக்கதன்று.

1965ஆம் ஆண்டு ஹஜ்ஜை நிறைவேற்றித் தாயகம் திரும்பிய ஷேக் அப்துல்லா சாஹிப், மே 8ஆம் நாள் தில்லி விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். முதலில் உதகையிலும் பின்னர் கோஹினூரிலும் ‘காஷ்மீரச் சிங்கம்’ காவலில் வைக்கப்பெற்றார். விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அடைத்த இடமோ சிறைச்சாலை அன்று, வீடு!

இத்தகைய வீடுகள் இம்மலைக்கு வந்த வரலாறு சுவையானது. 1845இல் மதுரையின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய அமெரிக்கப் பாதிரிமார் இங்கே ‘சன்னிசைட்’, ‘ஷெல்டன்’ என இரு வீடுகளை எழுப்பினர். 1863இல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து ஏரி அமைத்தார். மோட்டார்ச் சாலை வந்ததோ 1914இல்தான். அதுவரை மேசையும் கண்ணாடியும், ஏன், துரைசானிமார்களுங்கூட, கூலியாட்களின் தோள்மீதே மலையேறினர். அவர்தம் பெயர்களை எந்த வீட்டு வாசலிலும் காணோம்.

கருங்கற் சுவர், கணப்படுப்பு, கூரைமேல் புகைபோக்கி: இவை ஆங்கில நாட்டுப்புற மாளிகையின் அடையாளங்கள். அங்கும் புகைபோக்கி பெருகியது எலிசபெத் அரசியின் காலத்தில்தான். ஊரெங்கும் அவை முளைத்ததை முதியோர் வியந்து பேசியதாக வில்லியம் ஹாரிசன் 1577இல் எழுதிவைத்தார். உள்நாட்டுப் போர் ஓய்ந்த காலமாதலால், பிரபுக்கள் கோட்டையை விடுத்து மாளிகை கட்டினர்; அம்பெய்யும் துளைகள் இருந்த இடத்தில் அகன்ற சாளரங்கள் வந்தன. ராபர்ட் ஸ்மித்சன் வடிவமைத்து, 1590 முதல் 1597 வரை எழுந்த ஹார்டுவிக் மாளிகையில் சுவரைவிடக் கண்ணாடியே மிகுதி என்று மக்கள் கேலி பேசினர்.

அம்மாளிகையைக் கட்டிய பெஸ் சீமாட்டியின் கணவர் ஷ்ரூஸ்பரிப் பிரபு. ஸ்காட்லாந்து அரசி மேரியைப் பதினைந்து ஆண்டுகள் தம் வீடுகளிலேயே காவலில் வைத்திருந்தவர் இவர்தாம். விருந்தினர் போன்ற உபசரிப்பு. வாயிலைத் தாண்ட மட்டும் அனுமதியில்லை. 1587இல் மேரியின் தலை வெட்டப்பட்டது. கோட்டையை விட்டு வெளியேறிய பிரபுக்கள், சிறைக்கூடத்தை மாத்திரம் தம்மோடு எடுத்து வந்தனர் போலும்!

ஷேக் சாஹிப் மீதான தடைகள் 1968 ஜனவரியில் நீங்கின. 1975இல் அவர் காஷ்மீரத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார்.