கல்யாணம் பண்ணாமலும் குடும்பம்தான்... குடியாத்தம் வழக்கு சொன்னது என்ன?

வயசு 25. படிப்பும் முடிச்சாச்சு. யாரோட வாழணும்னு முடிவு பண்ண அந்தப் பெண்ணுக்கு முழு உரிமை இருக்கு. ஆனா, அவர் தேர்ந்தெடுத்தது இன்னொரு பெண்ணை. குடியாத்தம் போலீஸிடம் போனபோது, 'பெத்தவங்களோட போம்மா'ன்னு அனுப்பி வைக்கப்பட்டார். அதுக்கப்புறம் வீட்டுச் சிறைதான்.

அவருடைய இணை சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். மனுவில் தன்னை 'நெருங்கிய தோழி'ன்னு மட்டுமே சொல்லியிருந்தார். அதுக்கு மேல எழுதத் தயக்கம். அந்தத் தயக்கம் புரியுதுன்னு தீர்ப்பிலேயே சொல்லியிருக்காங்க நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் வி.லட்சுமிநாராயணனும்.

நேரில் பேசியபோது அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை. தான் ஒரு லெஸ்பியன், வீட்டில் அடித்தார்கள், 'சரியாகணும்'னு சடங்கெல்லாம் செய்தார்கள் என்றார். மகளைக் கெடுத்ததே அந்தத் தோழிதான் என்பது அம்மாவின் வாதம். அதை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025 மே 22 அன்று வந்த தீர்ப்பில் அவர் விருப்பப்படி போகலாம், குடும்பம் தலையிடக் கூடாது, தேவைப்படும்போது போலீஸ் பாதுகாப்பு தரணும் என்று உத்தரவானது. குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழி இல்லை, 'தேர்ந்தெடுத்த குடும்பம்' என்பதும் குடும்பம்தான் என்ற வரிகள்தான் இந்தத் தீர்ப்பைப் பெரிசாகப் பேச வைத்தன.

இதில் உறுத்துகிற விஷயம் ஒண்ணு இருக்கு. பால் புதுமையினரைப் போலீஸார் துன்புறுத்தக் கூடாது என்ற விதி (24-சி) தமிழ்நாட்டில் 2022-லேயே வந்துவிட்டது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021-ல் தந்த தீர்ப்பைத் தொடர்ந்து வந்த விதி அது. இருந்தும், ஸ்டேஷன் வாசலில் அது அந்தப் பெண்ணுக்கு உதவவில்லை.

சரி, இனி இணைகளா வாழ்றவங்களுக்குச் சட்டத்தில் என்ன இருக்கு? ரொம்பக் கொஞ்சம். தன்பால் திருமணத்தை அங்கீகரிக்க முடியாது, அது சட்டமன்றங்கள், நாடாளுமன்றத்தின் வேலைன்னு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லிடுச்சு. அடுத்த மாசமே, இணைகள் 'குடும்ப உறவுப் பத்திரம்' பதிவு செய்ய வழி பண்ண முடியுமான்னு தமிழக அரசை யோசிக்கச் சொன்னார் ஆனந்த் வெங்கடேஷ். 2025 ஜூலையில் மாநில அரசு வெளியிட்ட கொள்கையோ திருநர், இடைப்பாலினருக்கானது. குடியாத்தம் மாதிரி ஜோடிகள் அதில் இல்லை.

'மாநில அரசால என்ன பண்ண முடியும்?'னு கேட்கலாம். திருமணம், வாரிசுரிமை எல்லாம் பொதுப் பட்டியலில் இருக்கு. அண்ணா ஆட்சியில் 1967-ல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தித்தான் புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லும்னு ஆக்கினாங்க. 1989-ல் பெண்களுக்குப் பூர்விகச் சொத்தில் சம உரிமை கொடுத்தது தமிழ்நாடு. மத்திய அரசு அதைச் செய்ய 2005 ஆச்சு. மத்தியச் சட்டத்தோட மோதினா குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேணும், அவ்வளவுதான். தேவை மனசு!

திருநங்கைகள் விஷயத்தில் அந்த மனசு இருந்தது. 2008-ல் இங்கேதான் நாட்டின் முதல் நல வாரியம் வந்தது. 2022-ல் வேலூர் மாநகராட்சி 37-வது வார்டில் தி.மு.க சார்பில் ஜெயித்தவர் திருநங்கை கங்கா.

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை பார்க்கிறாங்க. சம்பளம் இருக்கு, தனியா ரூம் எடுக்கலாம். ஆனா, கல்யாணமாகாத ஒரு பெண்ணை நம்பிப் பெற்றோர் இருந்தால், பி.எஃப் நாமினியா தன் இணையின் பெயரைப் போட முடியாது. அது மத்திய விதி. இணை அதில் 'குடும்பம்' இல்லை. பேங்க்கில் இந்தச் சிக்கல் கிடையாது. கூட்டுக் கணக்கு தொடங்கவும், இணையை நாமினியாக்கவும் தடையில்லைன்னு மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட்டில் தெளிவாக்கிடுச்சு. முஸ்லிம் தனிச்சட்டத்தின் கீழ் வராதவர்கள், சுயமாகச் சம்பாதித்ததை யார் பெயருக்கு வேணும்னாலும் உயில் எழுதலாம்.

யாரையாவது வீட்டில் அடைச்சு வெச்சிருந்தா, நண்பரோ இணையோ ஆட்கொணர்வு மனு போடலாம். உறவு என்னன்னு நிரூபிக்க வேண்டியதில்லை. அடைபட்டவரிடம் நீதிபதிகள் தனியாகப் பேசணும், மனசை மாத்தச் சொல்லி கவுன்சலிங் அனுப்பக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் வழிகாட்டி இருக்கு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக்காரர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம். வக்கீலுக்குப் பணம் இல்லைன்னா 15100-க்கு போன் பண்ணலாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு.