திண்ணையும் தொழிற்சாலைதான்!

இந்த முறை கொஞ்சம் வரலாறு.

வாடகை, மின்சாரம் எல்லாம் முதலாளியின் செலவு என்று காஸ்ட் அக்கவுண்டிங்கில் படிக்கிறோம். பீடித் தொழிலில் அந்தக் கணக்கு உதைக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் பெண்கள் பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து வீட்டில் சுற்றுகிறார்கள். திண்ணையும் அவர்களுடையது, விளக்கும் அவர்களுடையது. கூலி, சுற்றிய பீடிக்கு மட்டும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தொழிற்கூடத்துக்குள் இருந்தவர்களைத்தான் பார்த்தது. வீட்டில் சுற்றியவரை "எங்கள் தொழிலாளியே இல்லை" என்று எளிதாகக் கைகழுவ முடிந்தது. 1966ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இதை மாற்றியது. முதலாளியோ காண்ட்ராக்டரோ தரும் பொருளில் வீட்டிலிருந்து பீடி செய்பவரும் தொழிலாளிதான் என்றது. சம்பளத்துடன் விடுப்பு கிடைத்தது. பீடியைக் கழித்துவிட்டால் முறையிடவும் வழி பிறந்தது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? வழக்குப் போட்டன. 1974ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1976ல் நல நிதிச் சட்டமும் வந்தது.

சரி, ஊதுபத்தி உருட்டுபவருக்கு? அப்பளம் இடுபவருக்கு? இப்படி ஒரு தனிச் சட்டம் வரவில்லை. வீட்டிலிருந்து உழைப்பவரையும் மற்ற தொழிலாளிகளுக்குச் சமமாக நடத்தச் சொல்லும் ஐ.எல்.ஓ.வின் 177ஆம் உடன்படிக்கை 1996ல் நிறைவேறியது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை.

அடுத்த முறை அடக்கவிலை போடும்போது, திண்ணைக்கு வாடகை எந்தக் கணக்கில் வருகிறது என்று யோசியுங்கள். எனக்குப் பாடப்புத்தகத்தில் விடை கிடைக்கவில்லை.