சதீஷ் தவான்

சதீஷ் தவான் (25 செப்டம்பர் 1920 – 3 ஜனவரி 2002): இந்திய வானூர்திப் பொறியியல் பேராசிரியர், விண்வெளித் துறைத் தலைவர். ஸ்ரீநகரில் பிறந்தவர். லாகூரில் கணிதம், இயற்பியல், ஆங்கில இலக்கியம், இயந்திரப் பொறியியல் என நான்கையும் பயின்றார். பொறியாளர்களிடையே இது அபூர்வமான சேர்க்கை. பின்னர் அமெரிக்கா சென்று, 1951-இல் கால்டெக்கில் ஹான்ஸ் லீப்மனின் மாணவராக முனைவர் பட்டம் பெற்றார். தட்டையான பரப்பில் ஒரு சிறு துண்டை மட்டும் தனியே அசையும்படி பொருத்தி, ஓடும் காற்று அதை எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து உராய்வை நேரடியாக அளந்தது அவரது ஆய்வு. அதுவரை அந்த அளவு பெரும்பாலும் மறைமுகக் கணக்கீடாகவே கிடைத்துவந்தது.

அதே ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்து, மீயொலிவேகக் காற்றுச் சுரங்க ஆய்வுகளுக்கு அடித்தளமிட்டார். கழகத்தின் இயக்குநராக 1981 வரை இருந்தார். 1972-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் தலைமையை ஏற்றபோதும் அப்பொறுப்பை விடவில்லை.

1979 ஆகஸ்டில் இஸ்ரோவின் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் ஏவுதல் தோற்றது. செய்தியாளர்களை அவரே எதிர்கொண்டு பொறுப்பேற்றார். 1980 ஜூலையில் ராக்கெட் வென்றபோது, திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பேச அனுப்பினார். கலாம் பல மேடைகளில் நன்றியுடன் நினைவுகூர்ந்த இப்பண்பே தவானின் தலைமைக்குச் சிறந்த சான்று.

1981-இல் பத்ம விபூஷண் பெற்றார். பறவைகள் பறக்கும் விதம் பற்றியும் நூல் எழுதினார். பழவேற்காடு ஏரியை அடுத்த ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் 2002 முதல் அவர் பெயரால் வழங்குகிறது.