மகளிர் நலத்தில் நம்மவர் பணி

கிராமப் பெண்களின் உடல்நலத்தைக் கருத்தடை அறுவையின் எண்ணிக்கை கொண்டே அரசு நெடுங்காலம் அளந்து வந்தது. அந்நிலை மாற உழைத்தோருள் சேரிப் பெண்களும் உண்டு என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

1989இல் மருத்துவர்கள் ராணி பங், அபய் பங் இருவரும் மகாராஷ்டிரத்துக் கட்சிரோலிப் பகுதியில் தாம் செய்த ஆய்வை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். இரு சிற்றூர்களில் சோதிக்கப்பட்ட 650 பெண்களுள் 92 விழுக்காட்டினர்க்குப் பெண்நோய்கள் இருந்தன. முன்னரே சோதனை செய்துகொண்டோர் 8 விழுக்காட்டினரே!

இதற்கும் முன்பே, 1981இல், செங்கற்பட்டுப் பகுதியில் 'ரூவ்செக்' என்னும் கிராமப்புற மகளிர் கல்வி மையம் தோன்றியது. நிறுவியோருள் ஒருவர் ஆய்வாளர் டி. கே. சுந்தரி ரவீந்திரன், பெரும்பாலோர் அவ்வூர்த் தலித் பெண்கள். அவர்கள் நலப் பணியாளராகப் பயின்று, பேறுகால இடர்களையும் குடும்ப வன்முறையையும் ஆராய்ந்தனர். எளிய தமிழில் நூல்களும் வெளியிட்டனர். 1994இல் கெய்ரோ மாநாடு பெண்ணின் உரிமையை முன்வைத்தது. 1996இல் நடுவணரசு கருத்தடை இலக்கு முறையைக் கைவிட்டது.

நம் காரைக்காலில் 2016 முதல் ஜிப்மர் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கு நோயாளியராக மட்டுமன்றி, மருத்துவராகவும் ஆய்வாளராகவும் நம் பெண்மக்கள் நுழைதல் வேண்டும். அதற்கு வழிசெய்வதே இச்சங்கத்தின் தலையாய கடன் எனக் கருதுகிறோம்.