உறையாத ரத்தமும் பன்றி தந்த மருந்தும்

ஹீமோஃபீலியான்னதும் நமக்கு விக்டோரியா ராணி குடும்பம்தான் ஞாபகத்துக்கு வரும். அது பிறவியிலேயே வர்றது. அதுக்கு ஒரு பங்காளி உண்டு: பாதி வாழ்க்கைக்கு மேல வர்ற ஹீமோஃபீலியா. எழுபது வயசு வரைக்கும் நல்லா இருந்தவருக்கு திடீர்னு உடம்பெல்லாம் ஊதாவா ரத்தம் கட்டும். பிரசவமான சில மாசத்துல பெண்களுக்கும் வரலாம். வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் வரும்ங்கறதால டாக்டர்களுக்கே சட்டுனு பிடிபடாது.

ரத்தம் உறைய எட்டாம் காரணின்னு ஒரு புரதம் வேணும். நம்ம எதிர்ப்பு சக்தியே அதை எதிரின்னு நினைச்சு முடக்கிடுது. ஆன்டிவைரஸ், விண்டோஸ் ஃபைலையே வைரஸ்னு அழிக்கிற மாதிரி! மனித ரத்தத்திலேர்ந்து எடுத்து ஏத்தினாலும் அதுவும் காலி.

இங்கதான் பன்றி வருது. 1950களில் ஆக்ஸ்ஃபோர்டில் எதெல் பிட்வெல் என்ற விஞ்ஞானி, மாடு, பன்றி ரத்தத்திலிருந்து எட்டாம் காரணியைப் பிரித்தெடுத்தார். மனித ரத்தம் போதாததால், முதலில் பிறவி ஹீமோஃபீலியாவுக்காக. பன்றியோட புரதம் நம்முடையதைப் போலவே வேலை செய்யும். ஆனா உருவம் லேசா வேற. அதனால எதிர்ப்பொருள் பல சமயம் அதைக் கண்டுக்காம விட்டுடும்.

1980களில் இதைவிடச் சுத்தமான பன்றி மருந்து வந்தது. பன்றி வைரஸ் கலப்புப் பிரச்சினையால 2004ல் அதுவும் நின்னுபோச்சு. நல்லவேளையா ஸ்வீடனின் உல்லா ஹெட்னர் வேறு வழி போட்டிருந்தார்: எட்டைச் சுற்றிக்கொண்டு போகும் ஏழாம் காரணி. மரபணு முறையில் தயாரான அது 1988லேயே முதல் நோயாளிக்குப் போனது. ரத்தம் நிற்கும், ஆனா எவ்வளவு மருந்து போதும்னு சொல்ல நம்பகமான ரத்தப் பரிசோதனை கிடையாது. லாக் இல்லாம பிழை தேடுற கதை. பன்றி மருந்துல எட்டோட அளவைப் பார்த்தே டோஸ் போடலாம். அதான் அதன் அருமை. 2014ல் அமெரிக்காவில் அது திரும்பி வந்தது, இந்த முறை பன்றியே இல்லாம, ஆய்வகத்து செல்களில் வளர்த்து.

ரத்தத்தை நிறுத்துறது பாதி வேலைதான். ஸ்டீராய்டு, சைக்ளோஃபாஸ்ஃபமைடு கொடுத்து எதிர்ப்பு சக்தியை அடக்கணும். அப்படி அடக்கினா தொற்று வரும். வயசானவங்க உயிரை அதுவும் எடுக்கும். ஒன்பதையும் பத்தையும் சேர்த்துப் பிடிச்சு எட்டோட வேலையைச் செய்யும் எமிசிசுமாப் மருந்தை 2022ல் ஜப்பான் இந்த நோய்க்கு அனுமதிச்சது. தமாஷ் என்னன்னா, அதுவும் ஒரு எதிர்ப்பொருள்தான் :)

வீட்டுப் பெரியவங்களுக்குக் காரணமில்லாம பெரிய ஊதாத் திட்டு வந்தா, 'வயசாச்சு'ன்னு விட்டுடாதீங்க. ஏபிடிடின்னு ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை இருக்கு. டாக்டர்கிட்ட கேளுங்க.