வட்டின் பூட்டும் திறவுகோலும்



மறைபொருளைக் காப்பது பூட்டின் நுட்பமா, திறவுகோலின் மறைவா? 1883ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்து இராணுவ இதழொன்றில், ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்னும் மொழியறிஞர் இவ்வினாவுக்கு விடை பகர்ந்தார். மறையீட்டு முறை பகைவர் கைக்கு எட்டினும் கேடு விளையலாகாது. திறவுகோல் ஒன்றே மறைவாயிருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கை இன்று கணிப்பொறிக்குள் குடிபுகுந்த வரலாற்றையே நான் கூற விழைகிறேன்.

கணிப்பொறியொன்று களவு போயின், பொருள் மட்டுமா போகிறது? அதிலுள்ள கடிதங்களும் கணக்குகளும் அயலார் வசமாகின்றன. வட்டைக் கழற்றி வேறொரு பொறியில் இணைத்தால், நுழைவுச் சொல் காவல் செய்யாது. ஆகவே வட்டின் பகுதி முழுவதையுமே மறையீடு செய்யும் வழக்கம் தோன்றிற்று. பெல்ஜிய அறிஞர்களான யோவான் தாமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வகுத்த முறையை 2001ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு தன் தரமாக ஏற்றது. 2004ஆம் ஆண்டில் கிளெமென்ஸ் ஃப்ரூவிர்த் என்பார் லினக்ஸ் பொறிகளுக்காக 'லக்ஸ்' என்னும் அமைப்பை ஆக்கினார்.

அதன் செயல்முறையைக் காண்போம். பொறி எழுந்தவுடன், மறையீடு செய்யப்படாத சிறு நிரல் முதலில் விழித்துக்கொள்கிறது. அது வட்டுப் பகுதியின் தலைப்பைப் படித்து, அங்குள்ள அடையாளக் குறியைச் சரிபார்க்கிறது. பின்னர் நம்மிடம் கடவுச்சொற்றொடரைக் கேட்கிறது. அச்சொற்றொடர் பல்லாயிரம் முறை கணக்கிற்கு உட்படுத்தப்பட்டு ஒரு திறவுகோலாகிறது. ஊகித்து முயலும் திருடனைத் தாமதப்படுத்தவே இவ்வேற்பாடு. அத்திறவுகோல் தலைப்பிலுள்ள பேழையொன்றைத் திறந்து முதன்மைத் திறவுகோலை வெளிக்கொணர்கிறது. அதனையும் உடனே நம்பிவிடுவதில்லை. அதன் சுருக்கக் குறிப்பு தலைப்பிலுள்ள குறிப்போடு ஒத்திருந்தால்தான் வட்டு திறக்கும். முதல் வடிவில் இத்தகைய பேழைகள் 8 இருந்தன. ஆதலின் பலர் தத்தமக்கெனத் தனிச் சொற்றொடர் வைத்துக்கொள்ளலாம். சொற்றொடரை மாற்றினும் வட்டு முழுவதையும் மீண்டும் மறையீடு செய்ய வேண்டுவதில்லை.

ஆயினும் திறந்த பின் திறவுகோல் நினைவகத்தில் தங்குகிறதன்றோ? 2008ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நினைவகச் சில்லைச் சுழியத்திற்கு 50 பாகை கீழே குளிர்வித்து, மின்சாரத்தைத் துண்டித்தனர். பத்து நிமிடம் கழிந்த பின்னும் அதன் பதிவுகளில் நூற்றில் ஒரு பங்குகூட அழியவில்லை! பூட்டு உடையவில்லை, திறவுகோலே அகப்பட்டது. பொறியை உறங்கவிட்டுச் செல்வதினும், முற்றும் அணைத்து, சிறிது நேரம் அருகிருந்து செல்வதே பாதுகாப்பு என்பதை உலகம் உணர்ந்தது.

மற்றொன்றும் நினைவிற்கொள்க. தலைப்புப் பகுதி சிதைந்தால், சரியான சொற்றொடரை அறிந்த உரியவருக்கும் வட்டு திறவாது. எனவே அதன் படியொன்றை வேறிடத்தில் காத்தல் இன்றியமையாதது. கள்வனைத் தடுக்கும் கதவு உரியவனையும் தடுக்கவல்லது. திறவுகோலைப் பேணுவோர்க்கே அக்கதவு காவலாகும்.